காசும் கேஷும்

'கேஷ்' என்ற ஆங்கில வார்த்தை நம்முடைய 'காசு'விலிருந்து போனதுதான் என்ற பேச்சைக் கேட்டிராத அன்பர்கள் இருக்கமாட்டார்கள். மும்பையோ கொல்கத்தாவோ, நாலு தமிழர்கள் கூடி மொழியைப் பற்றிப் பேச்செடுத்தால் இது வந்தே தீரும். வங்கியில் முப்பது வருஷத்துக்கு மேல் கேஷோடேயே குப்பை கொட்டியவன் என்பதால் எனக்கு இதில் கொஞ்சம் கூடுதல் அக்கறை. சரித்திரத்தைப் புரட்டினால் பாதி ஆம், பாதி இல்லை என்றுதான் பதில் வருகிறது.

பெரிய ஆங்கில அகராதிகளில் 'கேஷ்' இரண்டு உண்டு. எழுத்தும் உச்சரிப்பும் ஒன்று, பிறப்பு வேறு. 'கேஷா, செக்கா?' என்று கேட்கிறோமே, அந்த கேஷ் ஐரோப்பியச் சரக்கு. லத்தீனில் 'கப்ஸா' என்றால் பெட்டி. அது இத்தாலியில் 'கஸ்ஸா', பிரான்சில் 'கெஸ்' என்று உருமாறி, 16-ஆம் நூற்றாண்டின் கடைசியில் இங்கிலாந்துக்குள் நுழைந்தது. முதலில் பணப்பெட்டி, பிறகு அதில் இருக்கும் பணம். நம் ஊர்க் கடைக்காரர் பெட்டியையும் 'கல்லா' என்பார், அன்றைய வசூலையும் 'நல்ல கல்லா' என்பார் அல்லவா, அதே கதைதான். கேஷியர் என்பவரும் பெட்டிக்குக் காவல் இருப்பவரே. இதில் தமிழுக்குப் பங்கில்லை.

இரண்டாவது கேஷ்தான் நம்முடையது. நம் கரைக்கு வந்த போர்த்துகீசியர் 'காசு' என்று கேட்டதை 'கைஷா' என்று எழுதிக்கொண்டார்கள். அவர்கள் மொழியில் பெட்டிக்கும் அதே பெயர்; குழப்பத்துக்குக் கேட்பானேன்! அதிலிருந்து ஆங்கிலேயர் 'கேஷ்' ஆக்கினார்கள். மதராஸ் கம்பெனிக் கணக்கில் 80 கேஷ் ஒரு ஃபனம் (நம் பணம்தான்), 42 ஃபனம் ஒரு வராகன். அதாவது ஒரு வராகனுக்கு 3360 காசு! பாவம், அந்தக் காலத்துக் கணக்கப்பிள்ளைகள்.

கம்பெனி இந்தச் செப்புக் காசை இங்கிலாந்திலேயே அச்சடித்து மதராஸுக்கு அனுப்பியது. 1803-ஆம் வருஷத்துக் காசில் ஆங்கிலத்தில் '20 கேஷ்' என்று ரோமன் எண்ணில் பொறித்திருக்கும். 1808-இல் அடித்த காசுகளை ஏற்றிக்கொண்டு புறப்பட்ட 'அட்மிரல் கார்ட்னர்' என்ற கப்பல் 1809 ஜனவரியில் இங்கிலாந்துக் கரையோர மணல்திட்டிலேயே மூழ்கிப்போனது. 1980-களில் அவற்றைக் கடலடியிலிருந்து அள்ளி எடுத்தார்கள். 1818-இல் ரூபாய்க் கணக்கு வந்ததோடு மதராஸில் கேஷின் ராஜ்யம் முடிந்தது.

இதையெல்லாம் வகைப்படுத்தி எழுதியவர்களில் ஒருவர் ஏ.சி. பர்னெல். தஞ்சாவூரில் ஜட்ஜாக இருந்தவர். அரண்மனை நூலகத்தின் சம்ஸ்கிருதச் சுவடிகளுக்கு 1880-இல் பட்டியல் வெளியிட்ட புண்ணியவான். ஹென்றி யூலோடு சேர்ந்து அவர் தொகுத்த 'ஹாப்ஸன்-ஜாப்ஸன்' அகராதி, அவர் காலமாகி நாலு வருஷம் கழித்து 1886-இல் வெளிவந்தது. ஒவ்வொரு வார்த்தைக்கும் யார், எந்த வருஷம் எழுதினார் என்று பழைய மேற்கோள்களை அடுக்கிக்கொண்டே போகிறது.

அதுதான் முறை. ஓசை ஒத்துப்போவதை வைத்து ஆங்கிலமே தமிழிலிருந்து வந்தது என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்களே, அது வவுச்சர் இல்லாமல் பற்று எழுதுகிற காரியம். ஒரு பொய்க் கணக்கு அகப்பட்டால் ஆடிட்டர் மற்ற கணக்குகளையும் சந்தேகிப்பார். மிளகுத்தண்ணீர் 'முல்லிகடானி' ஆனதும், கட்டுமரம் 'கட்டமரான்' ஆனதும் சாட்சியுள்ள வரவு. இவற்றையும் சேர்த்துப் பிறர் சிரிக்கும்படி நாமே செய்துகொள்ள வேண்டுமா?

காசுக்கு இன்னொரு யாத்திரையும் உண்டு. நடுவே சதுர ஓட்டை போட்ட சீனத்துச் செப்பு நாணயத்தையும் ஆங்கிலேயர் 'கேஷ்' என்றே அழைத்தார்கள். சீனர்கள் அதற்கு வேறு பெயர் வைத்திருந்தார்கள். ஆனால் ஆங்கில அகராதியில் இன்றும் அந்தச் சீன நாணயம் கேஷ்தான். மூலம் எது என்று பார்த்தால், தமிழ் என்று போட்டிருக்கிறது.