எல்லைக் கல்லும் வாக்குச் சீட்டும்

கண்டி வாவிக் கரையிலிருந்து புறப்பட்டுத் தெற்கே ஹேவாஹெட்டைப் பக்கமாகவோ, வடகிழக்கே பன்விலை, மடுல்கலை, றங்கலைப் பக்கமாகவோ மலையேறியவர்கள் ஒரு காட்சியைக் கண்டிருப்பர். கிராமங்களை ஊடறுத்து ஓரளவு ஒழுங்காக வந்த தார் வீதி, தேயிலை தொடங்குமிடத்தில் கல்லும் குழியுமாக உருமாறிவிடும். மழை இருபுறமும் ஒன்றாகவே பெய்கிறது. மண்ணும் ஒரே மண்தான். வீதி மாறுவதற்குக் காரணம் சட்டப் புத்தகத்தில் இருக்கிறது. அந்த இடத்தில் கிராமம் முடிந்து தோட்டம் ஆரம்பமாகிறது. கண்ணுக்குத் தெரியாத அந்த எல்லைக் கோட்டின் வரலாற்றையே ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

எல்லை நிர்ணயம் நில அளவையாளரின் அலுவல் என்று எண்ணுவோர் உளர். தேர்தல் வரலாறு அவ்வாறு கூறவில்லை. நமக்குத் தேர்தல் முறையைக் கற்பித்த இங்கிலாந்தையே எடுத்துக்கொள்வோம். 1832 ஆம் ஆண்டுச் சீர்திருத்தச் சட்டம் வரும்வரை, ஓல்ட் சாரம் என்ற பாழடைந்த மேடு பாராளுமன்றத்துக்கு இரண்டு உறுப்பினரை அனுப்பியது. அதன் வாக்காளரோ விரல்விட்டு எண்ணத்தக்கவர். பஞ்சாலைப் புகை சூழ்ந்த மான்செஸ்டருக்கு ஓர் உறுப்பினரும் இல்லை. ஆங்கிலத் தொழிலாளி தன் நாட்டில் போராடி உடைத்தெறிந்த அநீதியை, ஆங்கில முதலாளி நமது மலைகளில் வேறொரு வடிவத்தில் நாட்டினான். அங்கே ஆளில்லாத ஊருக்கு ஆசனம் இருந்தது. இங்கே ஆள் நிறைந்த மலைக்கு ஊர் என்ற பெயரே இல்லாது போயிற்று.

1865 ஆம் ஆண்டின் மாநகர சபைச் சட்டத்தின் கீழ்க் கண்டிக்குச் சபை கிடைத்தது. கிராமங்களுக்குப் பழைய கம்சபாவைப் புதுப்பிக்கும் சட்டம் 1871 இல் வந்தது. இவ்விரண்டுக்கும் இடையே பரந்து கிடந்தது தோட்டம். மன்னார்க் கரையில் இறங்கி, மாத்தளைக் காட்டுப் பாதையில் நோயாலும் பசியாலும் வீழ்ந்தவர் போக எஞ்சி வந்த தமிழ்நாட்டு உழைப்பாளரின் குடியிருப்பு நகரத்தைச் சேர்ந்ததுமன்று, கிராமத்தைச் சேர்ந்ததுமன்று. அங்கே வீதி துரையின் வீதி. மருந்து துரையின் மருந்து. பிள்ளை படிப்பதும் படியாததும் துரையின் விருப்பம்.

கண்டிச் சிங்கள விவசாயிக்கும் இந்தத் தோட்டத்தால் நேர்ந்தது கொள்ளையே என்பதை நாம் மறந்துவிடலாகாது. உறுதியில்லாத காணியெல்லாம் முடிக்குரியது என்று 1840 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கச் சட்டம் கூறிற்று. கிராமத்தின் மேய்ச்சல் நிலமும் சேனைக் காடும் ஏக்கர் ஐந்து ஷில்லிங் விலையில் துரைமாருக்குப் போயின. காணி இழந்த விவசாயி பள்ளத்தாக்கிலும், காணியே அறியாத கூலி மலையுச்சியிலுமாக ஒரே ஆண்டைக்கு இரையாயினர். இவ்விருவரும் ஒரே சபையில் அமர்ந்திருந்தால் என்ன பேசியிருப்பார்கள்? அதற்கு இடங்கொடாமல் இருப்பதில் பலருக்கு அக்கறை இருந்தது.

டொனமூர் ஆணைக்குழுவின் சிபாரிசினால் 1931 இல் சர்வசன வாக்குரிமை வந்தது. அரசாங்க சபைத் தேர்தலில் தோட்டத் தொழிலாளரும் வாக்களித்தனர். அவ்வாண்டு ஏறத்தாழ ஒரு இலட்சமாக இருந்த இந்திய வாக்காளர் தொகை, 1939 அளவில் இரண்டேகால் இலட்சத்தை எட்டிற்று. இந்தப் பெருக்கத்தைக் கண்டு கலங்கியவர்கள் முதலில் கைவைத்த இடம் அரசாங்க சபையன்று, கிராமச் சங்கம். இதனை நமது வரலாற்று நூல்கள் பெரும்பாலும் ஒரு வரியில் கடந்துவிடுகின்றன. எமது கருத்தில், 1948 இன் பிரஜாவுரிமைச் சட்டத்துக்கு ஒத்திகை பார்க்கப்பட்டது இங்கேதான்.

பழைய கிராமச் சங்கச் சட்டம் ஐரோப்பியர், பறங்கியர், இந்தியத் தோட்டத் தொழிலாளர் ஆகிய முத்திறத்தாரையும் வெளியே நிறுத்தியிருந்தது. 1937 இல் உள்ளூராட்சி அமைச்சர் எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்க காலத்தில் வந்த திருத்தம் முதல் இரு சாராருக்கும் கதவைத் திறந்தது. மூன்றாமவரை வாசலிலேயே நிறுத்தியது. தோட்டத்து வாக்குகள் கண்டிக் கிராமங்களை மூழ்கடித்துவிடும் என்பது கூறப்பட்ட நியாயம். துரைக்கு வாக்கு, தொழிலாளிக்கு இல்லை! இந்திய அரசாங்கம் இதை இன பேதம் என்று கண்டித்தது. உடனே ஒரு தந்திரம் செய்யப்பட்டது. “இந்தியர்” என்ற சொல் அகற்றப்பட்டு, தோட்டத்தில் குடியிருக்கும் தொழிலாளர் எவருக்கும் வாக்கில்லை என்று சட்டம் மாற்றி எழுதப்பட்டது. லயத்தில் குடியிருந்த சொற்பச் சிங்களத் தொழிலாளரும் இதனால் உரிமை இழந்தனர். இனத்தின் பெயரால் போட முடியாத வேலியை இருப்பிடத்தின் பெயரால் போட்டுக்கொண்டார்கள். பத்தடிக்குப் பன்னிரண்டடி லயக் காம்பறாவில் உறங்குவதே ஒருவனை ஊரற்றவனாக்கப் போதுமானதாயிற்று.

அதே 1937 ஏப்ரல் 3 ஆம் திகதி நாவலப்பிட்டியில் ஒரு கூட்டம் நடைபெற்றது. மடுல்கலையில் தோட்டத் தொழில் பழக வந்து, தொழிலாளர் பக்கம் சாய்ந்து, வேலையிழந்த மார்க் அந்தனி பிரேஸ்கேடில் என்ற வெள்ளை இளைஞர் லங்கா சமசமாஜக் கட்சி மேடையேறித் துரைமாரின் கொடுமைகளைச் சாடினார். இந்தியாவிலிருந்து வந்த கமலாதேவி சட்டோபாத்தியாயவும் அக்கூட்டத்தில் இருந்தார். ஆளுநர் பிரேஸ்கேடிலை நாடுகடத்தக் கட்டளையிட்டார். உயர் நீதிமன்றம் அக்கட்டளையைச் செல்லாதாக்கிற்று. மூன்றாண்டு கழியுமுன், 1940 ஜனவரியில், ஹேவாஹெட்டை முல்லோயாத் தோட்ட வேலைநிறுத்தத்தில் கோவிந்தன் பொலிசாரின் குண்டுக்குப் பலியானார். கிராமச் சங்கத்தில் முறையிட முடியாதவனுக்கு வேலைநிறுத்தம் ஒன்றே சபையாயிருந்தது.

1947 பொதுத் தேர்தலில் இலங்கை இந்தியன் காங்கிரஸ் ஏழு ஆசனங்களைப் பெற்றது. கண்டி மாவட்டத்து நாவலப்பிட்டியில் கே. இராஜலிங்கமும், தலவாக்கொல்லையில் எழுத்தாளர் சி. வி. வேலுப்பிள்ளையும் வென்றனர். அடுத்த ஆண்டே பிரஜாவுரிமைச் சட்டம்; 1949 இல் தேர்தல் திருத்தச் சட்டம். 1952 தேர்தலில் காங்கிரசுக்கு ஓர் ஆசனமுமில்லை. இவையெல்லாம் வாசகர் அறிந்தவையே. ஆனால் எல்லை நிர்ணயத்தில் ஒளிந்திருந்த கணக்கைப் பலர் கவனிப்பதில்லை.

சோல்பரி யாப்பின்படி ஆசனங்கள் வாக்காளர் தொகையைக் கொண்டு வகுக்கப்படவில்லை. 75,000 குடிகளுக்கு ஓர் ஆசனம், ஆயிரம் சதுர மைலுக்கு மேலும் ஓர் ஆசனம் என்பது விதி. குடிகளை எண்ணும்போது தோட்டத் தொழிலாளரும் எண்ணப்பட்டனர். அவர்களது தலைகளால் மலைநாட்டுக்குக் கூடுதல் ஆசனங்கள் கிடைத்தன. பின்னர் அவர்களது வாக்கு பறிக்கப்பட்டது, ஆசனங்களோ நிலைத்தன. எஞ்சியிருந்த வாக்காளரின் ஒவ்வொரு வாக்கும் எடை கூடிற்று. கணக்கெடுக்கும் நாளில் மனிதன், வாக்களிக்கும் நாளில் அந்நியன்! தொழிலாளியின் உழைப்பிலிருந்து உபரி கறக்கப்படுவதை நாம் பொருளாதாரத்தில் படித்திருக்கிறோம். அவனது தலையெண்ணிக்கையிலிருந்தும் உபரி கறக்கலாம் என்பதை மலைநாட்டுத் தேர்தல் தொகுதிகள் காட்டின.

இந்நிலை ஒரு தலைமுறைக்கும் மேலாக நீடித்தது. 1964 ஒக்டோபரில் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரைப் பங்கு போட்டது: இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000, மிகுதி பின்னர் பார்த்துக்கொள்ளப்படும். அவர்களைக் கேட்டு எழுதப்பட்ட ஒப்பந்தமன்று அது. 1977 இல் நுவரெலியா–மஸ்கெலியா மூன்று உறுப்பினர் தொகுதியாக இருந்தமையாலேயே எஸ். தொண்டமான் மூன்றாமவராகத் தெரிவாக முடிந்தது. எல்லைக் கோடு ஒருமுறை அகன்றதும் ஒருவர் உள்ளே வந்தார். கண்டி மாவட்டத்துத் தோட்ட மக்களுக்கு அத்தகைய தொகுதியும் வாய்க்கவில்லை. கம்பளை, புசல்லாவை, தெல்தோட்டை, கலஹா, பன்விலை என்று அவர்கள் சிதறி வாழ்பவர்கள். எந்தக் கோட்டைப் போட்டாலும் எங்கும் சிறுபான்மையினர்.

கிராமச் சபைகள் 1980 களின் தொடக்கத்தில் ஒழிந்தன. 1987 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கச் சட்டம் பிரதேச சபைகளை ஆக்கியது. அடுத்த ஆண்டே நாடற்றோருக்குப் பிரஜாவுரிமை வழங்கும் சட்டமும் நிறைவேறியது. ஆகவே 1991 மே மாதம் பிரதேச சபைகளுக்கு முதற்றேர்தல் நடந்தபோது தோட்டத்து மக்கள் வரிசையில் நின்று வாக்களித்தனர். அரை நூற்றாண்டுக்கு முன் சாத்தப்பட்ட கதவு திறந்துவிட்டதென்றே பலர் நம்பினர்.

திறந்தது வெளிக்கதவு மட்டுமே. சபையின் பணத்தைக் கிராமத்து வேலைகளுக்கே செலவிடலாமென்றும், தோட்டத்து வீதி தனியார் உடைமை என்றும் அச்சட்டத்தின் 33 ஆம் பிரிவுக்குப் பொருள் கொள்ளப்பட்டது. இங்கே ஒரு வேடிக்கை உண்டு. 1972, 1975 ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தத்தால் பெருந்தோட்டங்கள் அரசுடைமையாகிவிட்டன. 1992 இல் முகாமைதான் பிராந்தியக் கம்பனிகளிடம் சென்றது. காணி இன்னும் அரசின் காணியே. அரசின் காணியில் உள்ள வீதியை அரசின் சபை திருத்த முடியாது! தோட்டத்து வாக்கால் தெரிவான உறுப்பினர், தமக்கு வாக்களித்தவரின் வாசலுக்கு ஒரு கூடை சல்லிக்கல் கொட்டவும் அதிகாரமற்றிருந்தார். இது 2018 வரை, முப்பத்தொரு ஆண்டுகள் நீடித்தது. இக்காலத்தில் மலையகக் கட்சிகள் அமைச்சரவையில் பலமுறை அமர்ந்திருந்தன என்பதையும் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. ஒரு பிரிவைத் திருத்த முப்பத்தொரு ஆண்டு ஏன் வேண்டியிருந்தது என்று அவர்களைத் தொழிலாளர் கேட்பதில் தவறில்லை.

2018 பெப்ரவரி 10 ஆம் திகதித் தேர்தல் புதிய எல்லைகளின்மீது நடந்தது. அறுபது வீதம் வட்டாரத்தாலும் நாற்பது வீதம் பட்டியலாலும் தெரிவாகும் கலப்பு முறை. பெண்களுக்கு நாலில் ஒரு பங்கு. எல்லைகள் பற்றிய முறைப்பாடுகளாலும் வழக்குகளாலும் தேர்தல் பல தடவை தள்ளிப்போயிருந்தது. அண்டை மாவட்டமான நுவரெலியாவில் நிகழ்ந்த மாற்றம் பெரிது. நுவரெலியா, அம்பகமுவ ஆகிய இரு பிரதேச சபைகள் தலைக்கு இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்ட மக்களைச் சுமந்து நின்றன. வடக்கே நெடுந்தீவில் ஐயாயிரத்துக்கும் குறைவான மக்களுக்கு ஒரு பிரதேச சபை இருந்ததோடு இதனை ஒப்பிட்டால் மலையகத்தின் அளவுகோல் விளங்கும். அவ்விரண்டும் ஆறாகப் பிரிந்தன. கொட்டகலை, அக்கரப்பத்தனை, மஸ்கெலியா, நோர்வூட் என்று தொழிலாளர் தினமும் உச்சரிக்கும் பெயர்கள் சபைகளின் பெயர்களாயின. அதே ஆண்டு 30 ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் 33 ஆம் பிரிவையும் மாற்றிற்று. சபை நிதி தோட்டத்துள் நுழையச் சட்ட வழி பிறந்தது.

கண்டி மாவட்டத்தில் கணக்கு வேறு. இங்கே தனிச் சபை கேட்குமளவு செறிந்த தோட்ட மக்கள் இல்லை. பழைய விகிதாசார முறையில், சிதறிக் கிடந்த வாக்குகளைப் பட்டியலில் ஒன்றுசேர்த்து ஓர் உறுப்பினரைப் பெற முடிந்தது. வட்டார முறையிலோ கோடு எங்கே விழுகிறது என்பதே எல்லாம். ஒரு தோட்டத்தின் மேற்பிரிவு ஒரு வட்டாரத்திலும் கீழ்ப்பிரிவு மற்றொன்றிலுமாக விழுமானால் இரண்டிலும் அவர்கள் குரல் கரைந்துவிடும். பல அங்கத்தவர் வட்டாரங்களுக்குச் சட்டத்தில் இடமுண்டு; நாற்பது வீதப் பட்டியலும் ஒரு காப்புத்தான். ஆயினும் பட்டியலில் யார் பெயர் வரும் என்பதைக் கட்சிச் செயலாளர் தீர்மானிக்கிறார். வாக்காளருக்கும் உறுப்பினருக்கும் இடையில் மீண்டும் ஒரு கங்காணி! இக்கரும்புள்ளியை நீக்க வேண்டுமாயின், பள்ளத்தாக்குச் சிங்கள விவசாயியும் மலையுச்சித் தமிழ்த் தொழிலாளியும் ஒரே வட்டாரத்தில் ஒரே வேட்பாளரை நிறுத்தும் அரசியல் வேண்டும். அதற்கான பொது நலன் இருக்கிறது: இருவருக்கும் ஒரே ஓடைத் தண்ணீர், ஒரே ஆஸ்பத்திரி, ஒரே பஸ்.

2018 இல் தெரிவான சபைகளின் ஆயுள் 2023 மார்ச்சில் முடிந்தது. பணமில்லையென்று தேர்தல் ஒத்திவைக்கப்பட்டது. அது அடிப்படை உரிமை மீறல் என்று 2024 ஓகஸ்டில் உயர் நீதிமன்றம் தீர்த்தது. 2025 மே 6 ஆம் திகதியே மக்கள் மறுபடியும் வாக்களித்தனர். இரண்டாண்டுக்கு மேலாகச் சபைகள் அதிகாரிகளின் கையில் இருந்தபோது நகரத்தார் குப்பை பற்றி முறையிட்டனர். சட்டம் திருந்தி ஐந்தாண்டு தோட்டத்தில் சபையைக் கண்டவர்கள், அது மறுபடியும் மறைந்ததைக் கண்டனர்.

கண்டிப் பகுதிப் பள்ளிகளில் கற்பிக்கும் ஆசிரிய நண்பர்கள் ஒரு சிறு சோதனை செய்து பார்க்கலாம். மாணவரிடம் தத்தம் முகவரியை எழுதச் சொல்லுங்கள். நகரத்துப் பிள்ளை வீட்டிலக்கமும் வீதியும் எழுதும். கிராமத்துப் பிள்ளையும் பெரும்பாலும் அவ்வாறே. தோட்டத்துப் பிள்ளை பிரிவின் பெயர், தோட்டத்தின் பெயர், தபால் நகரம் என்று எழுதி நிறுத்தும். வீட்டிலக்கம் சபையின் மதிப்பீட்டுப் புத்தகத்திலிருந்து பிறப்பது. லயக் காம்பறாவுக்கோ உறுதியுமில்லை, வரியுமில்லை, ஆகவே இலக்கமுமில்லை. ஏழு பேர்ச் காணியும் தனி வீடும் பெற்றவர் தொகை இன்னும் சிறிது. ஏனையோருக்கு வரும் கடிதம், வங்கியிலிருந்து வந்தாலும் பல்கலைக்கழகத்திலிருந்து வந்தாலும், வாக்காளர் அட்டையேயானாலும், பெரும்பாலான தோட்டங்களில் முதலில் காரியாலயத்து மேசைக்குத்தான் போகிறது.