கூட வர்ற ஆளுக்கு என்ன உரிமை? துணை விசாவின் கதை, சதுரங்கப்பட்டினம் தொடங்கி

கொஞ்ச நாளா நமக்கு வர்ற வாய்ஸ் நோட்ஸ்ல ஒரே கேள்வி வேற வேற குரல்ல வந்துட்டே இருக்கு. "அவர் அமெரிக்காவுல இருக்கார், நான் இங்க இருக்கேன். இங்கேயே கல்யாணம் பண்ணிட்டுப் போறதா, நிச்சயம் மட்டும் முடிச்சிட்டு அங்க போய்ப் பண்ணிக்கறதா? எது சீக்கிரம் ஆகும்?" சிறுசேரி சிப்காட்லயும் செங்கல்பட்டு பக்கம் மகிந்திரா வேர்ல்ட் சிட்டியிலயும் மதியச் சாப்பாட்டு நேரத்துல அடிக்கடி காதுல விழற பேச்சுதான் இது.

நான் வக்கீல் இல்ல, கோட் எழுதுறவன். அதனால இந்த எபிசோட்ல சட்ட ஆலோசனை கிடையாது. வரலாறு உண்டு. விசா ஃபார்ம்ல இருக்கிற கேள்விகள் சும்மா வந்ததில்ல. சிலது யாரையோ தடுக்கறதுக்காக வந்தது, சிலது யாரோ போராடினதால மாறினது. துணையோட சேர்ந்து வாழ அனுமதி கேட்கும்போது அரசாங்கம் முக்கியமா மூணு விஷயம் கேட்குது. நீங்க பண்ணது எங்க சட்டப்படி கல்யாணமா? அது நிஜமான கல்யாணமா? உங்க ரெண்டு பேர்ல யார் முதல் ஆள், யார் கூட வர்ற ஆள்? இந்த மூணும் எங்கிருந்து வந்ததுன்னு பார்த்துட்டா, "எது சீக்கிரம்"னு கேட்கறதை விட உருப்படியான கேள்வி ஒண்ணு கையில கிடைக்கும்.

கோட்டைக்குள்ள ஒரு கல்லறைத் தோட்டம்

மாமல்லபுரத்துல இருந்து ஈசிஆர்ல தெற்கே போனா கல்பாக்கம். அதை ஒட்டியே கடலோரமா சதுரங்கப்பட்டினம். அங்க டச்சுக்காரங்க கட்டின செங்கல் கோட்டை இப்போ தொல்லியல் துறை பாதுகாப்புல இருக்கு. உள்ளே போனா டச்சு எழுத்தும் சின்னங்களும் நுணுக்கமா செதுக்கின கல்லறைகளைப் பார்க்கலாம். 1602ல தொடங்கின டச்சு கிழக்கிந்தியக் கம்பெனி இந்தக் கடற்கரைக்கு வந்தது துணிக்காக. இங்கிருந்து கப்பல் ஏறின மஸ்லின் துணிக்கு ஐரோப்பாவுல நல்ல கிராக்கி.

அந்தக் கம்பெனிக்கு ஆசியாவுல தலைமையிடம் பட்டேவியா, அதாவது இன்னைக்கு ஜகார்த்தா. 17ஆம் நூற்றாண்டுல கம்பெனி தன் ஊழியர்களோட கல்யாணத்துக்கும் விதி போட்டது. ஆசியப் பெண்ணைக் கல்யாணம் பண்ணணும்னா மேலதிகாரி அனுமதி வேணும். பெண் ஞானஸ்நானம் வாங்கிக் கிறிஸ்தவராகி இருக்கணும். இதெல்லாம் முடிஞ்ச பிறகும், அவர் மனைவியைக் கூட்டிக்கிட்டு ஊர் திரும்ப முடியாது. ஆசியப் பெண்ணைக் கட்டினவர் ஆசியாவிலேயே இருக்கணும். கம்பெனிக்கு இங்கேயே வேரூன்றி வேலை பார்க்கிற ஆட்கள் தேவைப்பட்டாங்க. அதுக்குக் கல்யாணத்தை ஒரு கயிறா பயன்படுத்தினாங்க.

இங்க நெய்த துணி ஆம்ஸ்டர்டாம் போகலாம், இங்க பண்ணின கல்யாணம் போக முடியாது. பாஸ்போர்ட், விசா எல்லாம் இன்னைக்கு இருக்கிற வடிவத்துல வர்றதுக்கு ரொம்ப முன்னாடியே, யாரோட கல்யாணம் கடல் தாண்டலாம்னு முடிவு பண்ற வேலை தொடங்கிடுச்சு.

முதல் கேள்வி: இது கல்யாணமா?

அடுத்த இடம் தென்னாப்பிரிக்கா. 1860ல இருந்து நம்ம ஊர்க்காரங்க ஒப்பந்தக் கூலிகளா நேட்டாலுக்குப் போனாங்க. வியாபாரம் பண்ணவும் நிறைய பேர் போனாங்க. முதல்ல ஆண் போறது, கொஞ்சம் நிலைச்ச பிறகு மனைவியைக் கூப்பிட்டுக்கறதுதான் வழக்கம்.

1913 மார்ச்ல அந்த வழக்கத்து மேல இடி விழுந்தது. பாய் மரியம்ங்கற பெண் கணவரோட சேர்ந்து வாழ இந்தியாவுல இருந்து வந்தார், இறங்க அனுமதி கிடைக்கல. வழக்கு கேப் மாகாண உச்ச நீதிமன்றத்துக்குப் போச்சு. ஒருத்தர் பல மனைவி வச்சுக்க இடம் கொடுக்கிற மதச் சடங்குப்படி நடந்த கல்யாணத்தை இந்த நாட்டுச் சட்டம் ஏத்துக்காதுன்னு நீதிபதி சியர்ல் தீர்ப்பு சொன்னார். நிஜத்துல அந்தக் கணவருக்கு எத்தனை மனைவிங்கறது பிரச்சினையே இல்ல. அந்த மதம் அனுமதிக்குதாங்கறதுதான் கேள்வி. அப்படிப் பார்த்தா இந்து, முஸ்லிம், பார்சி கல்யாணம் எதுவும் செல்லாது. ஒரே தீர்ப்புல மனைவிகள் எல்லாரும் சட்டத்தோட கண்ணுல யாரோ ஒரு பெண்ணா ஆயிட்டாங்க.

அதுவரைக்கும் ஆண்கள் மட்டும் சிறைக்குப் போன சத்தியாகிரகத்துல, இதுக்கப்புறம்தான் பெண்கள் இறங்கினாங்க. கஸ்தூர்பா காந்தி 1913 செப்டம்பர்ல கைதானார். ஜோகன்னஸ்பர்க்ல இருந்து கிளம்பின பெண்கள்ல பெரும்பாலானவங்க தமிழ்ப் பெண்கள். அவங்க நியூகாசில் போய் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளிகள்கிட்ட பேசி வேலைநிறுத்தத்தைத் தூண்டினாங்க. ஒப்பந்தம் முடிஞ்ச தொழிலாளிகள் மேல போட்டிருந்த 3 பவுண்டு வரியும் அந்தப் போராட்டத்தோட முக்கியக் காரணம். அதே போராட்டத்துல சிறைக்குப் போன தில்லையாடி வள்ளியம்மைக்கு 16 வயசு. காய்ச்சலோட வெளியே வந்தவர் 1914 பிப்ரவரி 22ல இறந்துட்டார். பள்ளிப் பாடத்துல இவர் பெயரைப் படிச்சிருப்போம். ஒரு மனைவி கணவர்கிட்ட போய்ச் சேர்ற உரிமையும் அந்தப் போராட்டத்தோட கோரிக்கைங்கறது எனக்கு ரொம்ப லேட்டாதான் தெரியும்.

1914ல இந்தியர் நிவாரணச் சட்டம் வந்தது. வரி ஒழிஞ்சது. இந்திய மதச் சடங்குப்படி கட்டின மனைவி ஒருத்தரையும் சின்னப் பிள்ளைகளையும் அழைச்சுக்க வழி பிறந்தது.

வெளிநாட்டை மட்டும் குறை சொல்ல முடியாது. புரோகிதர் இல்லாம நடந்த சுயமரியாதைக் கல்யாணங்களை இங்கேயே 1950கள்ல சென்னை உயர் நீதிமன்றம் செல்லாதுன்னு சொல்லியிருக்கு. அதைச் செல்லுபடியாக்கினது 1967ல அண்ணா ஆட்சி கொண்டுவந்த திருத்தம். அண்ணாவோட காஞ்சிபுரம் அப்போ செங்கல்பட்டு மாவட்டத்துல இருந்த ஊர். இந்து திருமணச் சட்டத்துல அது 7ஏ பிரிவு. ஏற்கெனவே நடந்த சுயமரியாதைக் கல்யாணங்களுக்கும் அது பொருந்தும். இன்னைக்கு அப்படிக் கல்யாணம் பண்ற ஜோடி சார்பதிவாளர் ஆபீஸ்ல சர்டிபிகேட் வாங்கித் தூதரகத்துல நீட்ட முடியுதுன்னா, அதுக்குப் பின்னாடி இவ்வளவு கதை இருக்கு.

முதல் கேள்வி இன்னும் முடியவும் இல்ல. ஒரே பாலின ஜோடிகளோட கல்யாணத்தை அங்கீகரிக்க 2023 அக்டோபர்ல உச்ச நீதிமன்றம் மறுத்துடுச்சு. அதனால இங்க பதிவு பண்ணி, அந்தச் சர்டிபிகேட்டை வச்சுத் துணை விசா கேட்கிற வழி அவங்களுக்கு இல்ல. கல்யாணத்தை அங்கீகரிக்கிற நாட்டுல போய்ப் பண்ணிக்கணும், இல்லன்னா கல்யாணம் கேட்காத விசா தேடணும்.

ரெண்டாவது கேள்வி: நிஜமான கல்யாணமா?

இப்போ 1979, லண்டன் ஹீத்ரோ விமான நிலையம். 35 வயசு இந்திய ஆசிரியை ஒருத்தர் அங்க இருக்கிற தன் வருங்காலக் கணவரைக் கல்யாணம் பண்ணிக்க வந்து இறங்கினார். அன்னிக்கு விதி என்னன்னா, மனைவியா வர்றவங்க முன்கூட்டியே அனுமதிச் சீட்டு வாங்கணும், அதுக்கு நீண்ட க்யூ. நிச்சயிக்கப்பட்ட பெண்ணா வந்தா அது தேவையில்ல, வந்து 3 மாசத்துல கல்யாணம் பண்ணிக்கலாம். ஏற்கெனவே கல்யாணமானவங்க க்யூவைத் தாண்டறதுக்காக இந்த வழியில வர்றாங்கன்னு அதிகாரிகளுக்குச் சந்தேகம். அந்தச் சந்தேகத்தைத் தீர்க்க அந்த ஆசிரியைக்குக் கன்னித்தன்மைப் பரிசோதனை நடத்தினாங்க. பத்திரிகையில செய்தி வந்து ரெண்டு நாட்டுலயும் கொந்தளிப்பு ஆனதும் அந்தப் பரிசோதனை நின்னது. பிரிட்டிஷ் அரசு ஆவணங்களைத் தோண்டின ஆய்வாளர்கள், 1970கள்ல குறைஞ்சது 80 பெண்களுக்கு இது நடந்திருக்குன்னு பின்னாடி வெளியே கொண்டுவந்தாங்க.

"நிச்சயம் பண்ணிட்டுப் போறதா, கல்யாணம் பண்ணிட்டுப் போறதா" – இன்னைக்கு நம்ம வாய்ஸ் நோட்ல வர்ற அதே கேள்விதான். ரெண்டு வழிக்கும் நடுவுல ஒரு இடைவெளியை உருவாக்கினது சட்டம். அதுக்கு விலை கொடுத்தது அந்தப் பெண்களோட உடம்பு.

அடுத்து 1980கள்ல பிரிட்டன் இன்னொரு விதியை இறுக்கினது. கல்யாணத்தோட முதன்மை நோக்கம் குடியேறறது இல்லைன்னு விண்ணப்பிக்கிறவங்களே நிரூபிக்கணும். இல்லாத நோக்கத்தை எப்படி நிரூபிக்கறது? பெரியவங்க பார்த்து முடிச்ச கல்யாணம்னா இன்னும் கஷ்டம். அந்த விதி 1997ல நீக்கப்பட்டது. ஆனா அந்த மனநிலை போகல. போட்டோ ஆல்பம், கால் லிஸ்ட், வாட்ஸ்அப் சாட் எல்லாத்தையும் பிடிஎஃப் ஆக்கி அப்லோடு பண்றோமே, அது இந்த ரெண்டாவது கேள்வியோட இன்றைய வடிவம். அமெரிக்காவுல 1986ல வந்த சட்டப்படி, கல்யாணமாகி 2 வருஷம் முடியாதவங்களுக்குக் கிரீன் கார்டு நிபந்தனையோடதான் வரும். 2 வருஷம் கழிச்சு கல்யாணம் நிஜம்னு மறுபடி காட்டணும்.

மூணாவது கேள்வி: யார் கூட வர்ற ஆள்?

பிரிட்டன்ல சட்டப்படி குடியிருந்த மூணு பெண்கள் தங்களோட கணவர்களை அழைச்சுக்க முடியாம ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்துக்குப் போனாங்க. ஆண் மனைவியை அழைக்கறது சுலபம், பெண் கணவரை அழைக்கறது கஷ்டம்னு விதி இருந்தது. 1985ல அது பாலினப் பாகுபாடுன்னு தீர்ப்பு வந்தது. பிரிட்டன் என்ன பண்ணுச்சு தெரியுமா? கணவர்களுக்கு விதியைத் தளர்த்தல. மனைவிகளுக்கும் இறுக்கிடுச்சு. சமத்துவம் வந்தது, கதவு சின்னதாச்சு.

நமக்கு நல்லா தெரிஞ்ச கதை அமெரிக்காவோடது. ஹெச்-1பி வச்சிருக்கிறவரோட துணைக்கு ஹெச்-4. அதுல படிக்கலாம், வேலை செய்ய முடியாது. கம்பெனி மாற்றத்துல எல்-1 விசாவுல போனவரோட துணைக்கு எல்-2, அதுல வேலை செய்யலாம். மாணவரோட துணைக்கு எஃப்-2, வேலையும் கிடையாது, முழுநேரப் பட்டப்படிப்பும் கிடையாது. ஒரே அபார்ட்மென்ட்ல மூணு வீட்டுல ஒரே இன்ஜினியரிங் டிகிரியோட மூணு பேர் இருக்கலாம். யாருக்குச் சொந்தச் சம்பளம்ங்கறதை முடிவு பண்றது துணையோட விசாவுல இருக்கிற எழுத்து.

என் டீம்ல எனக்கு சீனியரா இருந்த ஒரு அக்கா, எங்க புரொடக்‌ஷன் சிக்கல்ல பாதியை ஒத்த ஆளா தீர்த்தவங்க, கல்யாணமாகி ஹெச்-4ல போனாங்க. "மூணு வருஷத்துல நான் பண்ணின பெரிய ரிலீஸ், தோட்டத்துல தக்காளி"ன்னு ஒரு தடவை சிரிச்சுக்கிட்டே சொன்னாங்க. எனக்குச் சிரிப்பு வரல.

2015 மே 26ல ஒரு மாற்றம் வந்தது. கிரீன் கார்டு பாதையில ஐ-140 அங்கீகாரம் கிடைச்சவங்களோட ஹெச்-4 துணைக்கு வேலை அனுமதி. அந்த அனுமதி வாங்கினவங்கள்ல மிகப் பெரும்பாலானவங்க இந்தியப் பெண்கள். 2017ல அதை ரத்து பண்ணப் போறதா அரசு அறிவிச்சது, 2021ல அந்தத் திட்டம் கைவிடப்பட்டது. எதிர்த்துப் போட்ட வழக்குல 2024ல மேல்முறையீட்டு நீதிமன்றம் அனுமதியை உறுதி பண்ணுச்சு. இத்தனை வருஷமும், அடுத்த வருஷம் வேலைக்குப் போகலாமாங்கறது தெரியாமலே பல வீடுகள்ல வாழ்க்கை ஓடினது. இப்பவும் விவாகரத்து ஆனா ஹெச்-4 அந்தஸ்தும் அதோட முடிஞ்சிடும்.

பிரிட்டன் பக்கம் இப்போ பணமும் ஒரு கேள்வி. அங்க குடியிருக்கிறவர் துணையை அழைக்க 2012ல இருந்து வருஷ வருமானம் 18,600 பவுண்டு காட்டணும். 2024 ஏப்ரல்ல அது 29,000 ஆச்சு. ஆனா வந்து சேர்ந்தா வேலை செய்யலாம். முதியோரையும் நோயாளிகளையும் பராமரிக்கிற கேர் வொர்க்கர் விசாவுல 2024 மார்ச் 11க்குப் பிறகு விண்ணப்பிச்சவங்களால துணையையோ பிள்ளைகளையோ அழைச்சுட்டுப் போகவே முடியல. மத்தவங்க குடும்பத்தைப் பார்த்துக்கற வேலைக்குத் தன் குடும்பத்தை விட்டுட்டு வர வேண்டியிருந்தது.

நம்ம நாடும் இதே கேள்விகளைக் கேட்குது. மாமல்லபுரத்துல ஒருத்தர் வெளிநாட்டவரைக் கல்யாணம் பண்ணி இங்கேயே வாழணும்னு நினைச்சா, அந்தத் துணை முதல்ல நுழைவு விசாவுலதான் இருக்கணும். கல்யாணம் பதிவாகி 2 வருஷம் தொடர்ந்து நீடிச்ச பிறகுதான் ஓசிஐ அட்டைக்கு விண்ணப்பிக்கலாம்.

அப்போ எந்த வழி?

வாய்ஸ் நோட் அனுப்பினவங்களுக்கு வர்றேன். உங்க துணை அமெரிக்கக் குடிமகனா இருந்தா ரெண்டு வழி. கே-1, நிச்சயிக்கப்பட்டவருக்கான விசா: போய் இறங்கி 90 நாளுக்குள்ள கல்யாணம் பண்ணணும். அப்புறம் கிரீன் கார்டுக்குப் போடணும், வேலை அனுமதி வர்ற வரைக்கும் வீட்டுல இருக்கணும். இங்கேயே கல்யாணம் பண்ணிட்டுக் குடியேற்ற விசாவுல போனா, இறங்கும்போதே நிரந்தரக் குடியிருப்பாளர், உடனே வேலைக்குப் போகலாம். துணை கிரீன் கார்டு மட்டும் வச்சிருந்தா கே-1 கிடையவே கிடையாது. ஹெச்-1பியில இருந்தா ஹெச்-4, அப்போ ஐ-140 எந்த நிலையில இருக்குன்னு கேட்கணும். விதி அடிக்கடி மாறும், அதனால விண்ணப்பிக்கிற அன்னிக்கு அதிகாரபூர்வ தளத்துல பார்த்துக்கங்க.

எந்த வழி சீக்கிரம்னு தேடறது நியாயம்தான். பிரிஞ்சிருக்கிறது கொடுமை. ஆனா காத்திருப்பு ஒரு நாள் முடிஞ்சிடும். கூட வர்ற ஆளோட அந்தஸ்து அதைவிட ரொம்ப நாள் நீடிக்கும். அதனால டிக்கெட் விலை பார்க்கறதுக்கு முன்னாடி ரெண்டு பேரும் உட்கார்ந்து இதைப் பேசுங்க: அங்க போய் இறங்கின மறுநாள் கூட வர்ற ஆளால வேலை செய்ய முடியுமா? படிக்க முடியுமா? முதல் ஆளுக்கு வேலை போனா ரெண்டு பேர் நிலைமை என்ன? நமக்குள்ள ஒத்து வரலைன்னா அந்த ஆள் எங்க நிற்பார்? கடைசிக் கேள்வியைக் கேட்கச் சங்கடமா இருக்கும். அதைச் சங்கடப்படாம கேட்க விடற துணைதான் நல்ல துணைன்னு நான் நினைக்கிறேன்.

உங்க வீட்டுல யாராவது 1970, 80கள்ல இப்படிப் பிரிஞ்சிருந்து போய்ச் சேர்ந்தவங்க இருந்தா, அவங்க கதையைக் கேட்டு நமக்கு அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.