சிறுநீரகப் புற்றுநோயும் சத்திரசிகிச்சையும்: ஒரு வரலாற்று நோக்கு

மருத்துவத்தின் வரலாறு பெரும்பாலும் மாபெரும் வைத்தியர்களின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. இன்னார் இதனைக் கண்டார், இன்னார் அதனைச் செய்தார் என்னும் பெயர்வரிசையைப் படித்து முடிக்கையில், கண்டறியப்பட்ட நன்மை யாரைச் சென்றடைந்தது, எப்பொழுது சென்றடைந்தது என்னும் வினா எழாமலே போய்விடுகின்றது. இவ்வினாவை எழுப்பிப் பார்ப்பதற்குச் சிறுநீரகப் புற்றுநோய்ச் சத்திரசிகிச்சையின் வரலாறு தக்கதோர் எடுத்துக்காட்டாகும்.

ஒரு சிறுநீரகத்தை இழந்தவரும் உயிர்வாழலாம் என்பதை இன்று பாடசாலை மாணவரும் அறிவர். 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அது ஐயத்துக்குரியதாகவே இருந்தது. 1861இல் அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் எராஸ்டஸ் வொல்கொட் என்பார், ஈரலைச் சார்ந்ததெனக் கருதி ஒரு கட்டியை அகற்றினார். அது சிறுநீரகக் கட்டியாக இருந்தது. நோயாளி நெடுநாள் பிழைக்கவில்லை. 1869 ஆகஸ்ட் 2ஆம் நாள், ஜேர்மனியின் ஹைடெல்பேர்க் நகரில் குஸ்தாவ் சீமோன், நாய்களிற் பலமுறை செய்து பார்த்துத் தெளிந்த பின்னர், சிறுநீர்க்குழாய் சிதைந்து துன்புற்ற ஒரு பெண்ணின் சிறுநீரகத்தைத் திட்டமிட்டு அகற்றினார். அப்பெண் உயிர் பிழைத்தார்.

சீமோனுக்குப் பின் அவரது இடத்துக்கு வந்த வின்சென்ஸ் செர்னி, 1887இல் இன்னும் ஒரு படி முன்னேறினார். புற்றுநோய் பற்றிய பகுதியை மாத்திரம் வெட்டியெடுத்து, எஞ்சிய சிறுநீரகத்தை நோயாளிக்கே விட்டுவைத்தார். ஆகவே, முழுவதையும் அகற்றுதல், பகுதியை அகற்றுதல் ஆகிய இரு வழிகளும் ஏறத்தாழ ஒரே தலைமுறையில், ஒரே நகரில் தோன்றின எனலாம்.

எனினும் இரண்டாவது வழி நெடுங்காலம் கைவிடப்பட்டது. இதயம் வெளியேற்றும் குருதியில் ஏறத்தாழ ஐந்திலொரு பங்கு சிறுநீரகங்களுக்கே செல்கின்றது. அத்தகைய உறுப்பை ஊடறுத்து வெட்டினால் குருதிப் பெருக்கும் சிறுநீர்க் கசிவும் உண்டாகும். குருதியேற்றலும் நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகளும் இல்லாத அக்காலத்தில் வைத்தியர் அஞ்சியது இயல்பே.

1950இல் வின்சென்ற் வெர்மூட்டன், சில கட்டிகள் அயலிலுள்ள திசுவைத் தள்ளிக்கொண்டு தனித்து வளர்வதைச் சுட்டிக்காட்டி, அவற்றை மாத்திரம் அகற்றலாம் என வாதிட்டார். ஆயினும், 1960களில் நிலைபெற்றது ரொறன்ரோவைச் சேர்ந்த சார்ள்ஸ் றொப்சனின் முறையே. சிறுநீரகம், அதைச் சூழ்ந்த கொழுப்பும் உறையும், மேலுள்ள சுரப்பி, அயலிலுள்ள நிணநீர்க் கணுக்கள் ஆகிய அனைத்தையும் ஒருங்கே அகற்றுவது அம்முறை. அன்றைய நிலைக்கு அது பொருந்தியதே. சிறுநீரிற் குருதி கண்டு, விலாவில் வலி தோன்றி, கைக்குத் தட்டுப்படும் அளவுக்குக் கட்டி வளர்ந்த பின்னரே பலர் வைத்தியசாலையை நாடினர்.

1970களின் பின் இந்நிலை மாறியது. 1971இல் முதன்முதலாக ஒரு நோயாளியிற் பயன்படுத்தப்பட்ட சீ.ரீ. ஸ்கான் கருவி விரைந்து பரவியது. வேறு நோய்க்காகப் படம் பிடிக்கப்பட்டவரிடத்துச் சிறு கட்டிகள் தற்செயலாகத் தென்பட்டன. அவற்றில் ஒரு பகுதி புற்றுநோயே அல்லாதவை. நோயின் தோற்றம் மாறிற்று. கத்தியின் பழக்கமோ மாறவில்லை. 1988 முதல் 2001 வரையான அமெரிக்கப் பதிவுகளை ஆராய்ந்தோர், சிறுநீரகப் புற்றுநோய்க்காகச் சத்திரசிகிச்சை பெற்றோருள் 100க்குப் பத்துப் பேருக்கும் குறைவானவர்க்கே பகுதி அகற்றல் நிகழ்ந்ததெனக் கண்டனர்.

இங்குப் புதிய கருவியொன்றின் முரண்பாட்டையும் காண்கின்றோம். 1990இல் சென் லூயிஸ் நகரில் றல்ஃப் கிளேமனும் அவர்தம் துணைவரும் சிறு துவாரங்களின் வழியே ஒரு சிறுநீரகத்தை முழுமையாக அகற்றினர். நோயாளி 85 வயது மூதாட்டி. கட்டியின் அளவு 3 சென்ரிமீற்றர். பரிசோதனையில் அக்கட்டி புற்றுநோயன்று எனத் தெரியவந்தது. நோயாளியின் வலியைக் குறைத்து விரைவில் வீட்டுக்கு அனுப்பிய இம்முறை, சந்தேகமின்றி ஒரு முன்னேற்றமே. ஆனால் துவாரத்தின் வழியே பகுதியை மாத்திரம் வெட்டித் தைப்பது கடினம். முழுவதையும் எடுப்பது எளிது. ஆகவே எளியது பரவிற்று. புறத்தே தழும்பு சிறுத்தது; அகத்தே இழப்பு அவ்வாறே இருந்தது.

அவ்விழப்பின் அளவை 2006இல் நியூயோர்க்கின் மெமோரியல் சுலோன் கெற்றறிங் நிலையம் வெளியிட்ட ஆய்வு காட்டிற்று. சிறு கட்டியுடைய 662 பேரை ஆராய்ந்ததில், மூன்று ஆண்டுகளின் பின் சிறுநீரகத்தின் வடிகட்டும் திறன் குறிப்பிட்ட எல்லைக்குக் கீழே வீழாதிருக்கும் வாய்ப்பு, பகுதி அகற்றப்பட்டோரில் 100க்கு 80. முழுவதும் அகற்றப்பட்டோரில் 35.

ஆயினும் அவசரப்பட்டு முடிவு கூறுதல் விஞ்ஞான நோக்காகாது. இரு முறைகளையும் திருவுளச்சீட்டு முறையில் 541 பேரிடையே ஒப்பிட்ட ஐரோப்பிய ஆய்வின் முடிவு 2011இல் வெளிவந்தது. பத்தாண்டுகள் உயிர்வாழ்ந்தோர் முழு அகற்றலில் 100க்கு 81.1, பகுதி அகற்றலில் 75.7. எதிர்பார்த்த தொகையினர் சேராமையால் அவ்வாய்வு இடைநடுவே நிறுத்தப்பட்டதென்பதும் உண்மை. சிறுநீரகத்தின் தொழிற்பாடு பகுதி அகற்றலிலேயே மேம்பட்டிருந்தது. ஆயுள் நீண்டதென நிறுவ முடியவில்லை. எல்லா நோயாளர்க்கும் ஒரே விதி பொருந்தாதென்பதே இதனாற் பெறப்படும் பாடம்.

நமது கவனத்துக்குரியது பிறிதொன்று. அமெரிக்க ஆய்வுகள் பல, போதனா வைத்தியசாலைகளிலும் பெருநகர்களிலும் பகுதி அகற்றல் மிகுதியாகவும், பிறவிடங்களிற் குறைவாகவும் நிகழ்ந்ததைக் காட்டியுள்ளன. 2000ஆம் ஆண்டின் பின் வந்த இயந்திரக்கைகள் கடினமான தையலை எளிதாக்கின. ஆனால் அவற்றை வாங்கவும் பேணவும் பெரும் பணம் வேண்டும். ஆகவே ஒருவருடைய சிறுநீரகம் தப்புமா என்பதை நோயின் தன்மை மாத்திரமன்றி, அவர் எந்த வைத்தியசாலையின் வாசலில் நுழைந்தார் என்பதும் தீர்மானித்தது.

செர்னி 1887இற் செய்து காட்டியது பொதுவழக்காவதற்கு ஒரு நூற்றாண்டுக்கு மேற் சென்றது. அத்தாமதத்தின் முற்பகுதிக்கு அறிவின் எல்லை காரணம். பிற்பகுதிக்குப் பழக்கமும், பயிற்சியின் பற்றாக்குறையும், வசதிகளின் சமமற்ற பங்கீடுமே காரணம். முன்னையதை ஆய்வுகூடம் தீர்க்கும். பின்னையதைத் தீர்க்க வேண்டியது சமுதாயமே.