எல்லயில் ரயிலுக்கு முன்னாடி வந்தவங்க
எல்லயில இறங்குற எல்லாரும் நேரா ஒன்பது வளைவுப் பாலத்துக்குத்தான் போறாங்க. அந்தப் பாதை 1924இல் பதுளையைத் தொட்டது. நம்ம ஆட்கள் அதுக்கு முன்னாடியே வந்தவங்க. 1869இல் பரவத் தொடங்கிய இலைத்துரு நோய் கோப்பியை அழித்தது. தோட்டங்கள் தேயிலைக்கு மாறின. 1948 சட்டம் குடியுரிமையைப் பறித்தது. 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கு ஒதுக்கியது. ஒரே லயத்துக் குடும்பங்கள் கடலுக்கு இரண்டு பக்கமாகப் பிரிந்தன.

இப்ப கொழுந்துக்கூடையை விட்டுட்டு ஹோட்டல் வேலைக்குப் போற தம்பி, தங்கச்சிகளிடம் "அது நிலையில்லாத வேலை" என்கிறோம். நமக்கு எப்ப நிலையான வேலை இருந்தது?

மாற்றத்தைத் தாங்கிட்டோம்னு பெருமைப்பட்டா மட்டும் போதாது. ஒவ்வொரு தடவையும் அடுத்து என்னன்னு முடிவெடுத்தது வேறு யாரோ. லயமும் தோட்டத்துக்குச் சொந்தம். வேலை போனாலும் திரும்பி வர நம்ம பேர்ல ஒரு துண்டு நிலம் இருந்தா, பயமில்லாம மாறலாம்.