வந்தியின் பங்கு

வையை பெருகி மதுரையை அழிக்க வந்தபோது, கரையைக் குடிக்கு இத்துணை என அளந்து பங்கிட்டான் அரிமர்த்தன பாண்டியன். பங்கீட்டில் பிழையில்லை; ஆயினும் பிட்டு விற்றுப் பிழைத்த வந்திக்கு மண் சுமக்க ஆளில்லை. அவள் பங்கு அடைபடாதவரை ஊர்க்கரை முழுவதும் உடைகரையே அன்றோ? உதிர்ந்த பிட்டைக் கூலியாகப் பெற்று இறைவனே கூடை சுமந்தான் என்பது மண் சுமந்த படலம். பிரம்படி எல்லோர் முதுகிலும் பட்ட அற்புதத்தையே நாம் பெரிதும் பேசுகிறோம். ஆதரவற்ற கிழவியின் பங்கை யார் அடைப்பது என்று அப்படலம் எழுப்பும் வினாவை அத்துணை கருதுவதில்லை.

நாம் வந்து குடியேறிய மராட்டிய மண்ணிலும் இதற்கு உடன்பிறந்த கதையொன்று உண்டு. மங்கள்வேடையில் பீதர் சுல்தானின் அலுவலராயிருந்த தாமாஜி, பஞ்சத்தின்போது அரசுக் களஞ்சியத்தைத் திறந்து பசித்தோர்க்கு வழங்கினார். விட்டலன் எளிய ஏவலாள் வடிவில் சென்று தானியத்தின் விலையைச் செலுத்தி அவரைக் காத்தான் என்கிறது, மகீபதி 1762-இல் இயற்றிய பக்தவிஜயம். கோப்புகளிடையே நாள் கழிக்கும் நம்மனோர்க்கு, மேலிடத்து ஆணையின்றிக் களஞ்சியம் திறப்பது எத்தகைய துணிவென்று சொல்ல வேண்டுவதில்லை!

இனிப் புனே கண்ட வரலாற்றுக்கு வருவோம். பார்வதிக் குன்றுக் கோயிலின் நிர்வாகக் குறைகளைக் களையக் கூடிய ஊரார், 1870-இல் சார்வஜனிக சபையை நிறுவினர். கணேஷ் வாசுதேவ் ஜோஷி அதன் உயிர்நாடியாக விளங்கினார். உறுப்பினர் ஒவ்வொருவரும் ஐம்பது பேரேனும் கையொப்பமிட்ட உரிமைச்சீட்டுக் கொணர வேண்டும் என்பது விதி. கோயிற்கணக்குக் கேட்கப் பிறந்த அவை, 1876-இல் மழை பொய்த்தபோது பஞ்சத்தின் கணக்கைக் கேட்கலாயிற்று. தமிழகத்தார் தாது வருடப் பஞ்சம் என்று சொல்லி நடுங்கியதும் அக்கொடுமையையே. சபை மாவட்டங்களிலிருந்து செய்தி திரட்டி, விளைவின் அழிவையும் மக்கள் படும் பாட்டையும் அரசுக்கு அடுத்தடுத்து எழுதியது. 1877-இல் ரிச்சர்டு டெம்பிள், நிவாரணப் பணியாளர்க்குரிய தானியத்தை நாளொன்றுக்கு ஒரு பவுண்டாகக் குறைத்தார். கல்லுடைத்து மண் வெட்டும் உடலுக்கு அது எம்மூலைக்குக் காணும்? சபை அதனை எதிர்த்து வாதாடியது.

1880-இல் பஞ்ச ஆணையம் அறிக்கை அளித்தது. அதன்பின், அடுத்த பஞ்சம் வருமுன்னரே செய்ய வேண்டுவனவற்றை வகுத்துரைக்கும் பஞ்ச விதித்தொகுப்புகள் மாகாணந்தோறும் எழுந்தன. வேலை செய்யும் ஆற்றலற்ற முதியோர்க்கும் நோயாளர்க்கும் வேலை வாங்காமலே உணவளிக்கும் பிரிவொன்றும் அவற்றுள் இடம்பெற்றது.