கம்ப்யூட்டர் சொன்னது சரி: இரண்டு ரைடுகளின் கதை

இன்றைய எபிசோடில் இரண்டு தீம் பார்க் விபத்துகளைப் பற்றிப் பேசப் போறேன். ஒன்று 2015-ல் இங்கிலாந்தில் நடந்தது, இன்னொன்று 2016-ல் ஆஸ்திரேலியாவில். காயம், மரணம் பற்றிய பேச்சு வரும். கேட்க முடியாதுன்னு தோணினா இந்த எபிசோடை விட்டுடுங்க, பரவாயில்லை.

ஏன் இந்த இரண்டையும் சேர்த்து எடுத்தேன்னு முதலிலேயே சொல்லிடறேன். முதல் இடத்தில் கம்ப்யூட்டர் ரைடை நிறுத்தி வைத்தது, மனிதர்கள் அதை நம்பவில்லை. இரண்டாவது இடத்தில் நிறுத்துவதற்கு ஒரு சென்சார்கூட கிடையாது. ஆனால் பதினைந்து வருடமாக ஒவ்வொரு சம்பவமும் ஒரே ஆபத்தைச் சொல்லிக்கொண்டே இருந்தது. எச்சரிக்கை வராததால் நடந்த விபத்துகள் இல்லை இவை. வந்த எச்சரிக்கையை என்ன செய்யணும்னு யாரும் முடிவு பண்ணி வைக்காததால் நடந்தவை.

ரயில்வேயில் இருந்து வந்த பாடம்

ரோலர் கோஸ்டரில் ஒரே தண்டவாளத்தில் நான்கைந்து ரயில்கள் ஒரே நேரத்தில் ஓடும். ஆனா ஒன்றோடு ஒன்று மோதுவதில்லை. எப்படி?

தண்டவாளத்தை 'பிளாக்' என்று துண்டு துண்டாகப் பிரித்திருப்பாங்க. ஒரு பிளாக்கில் ஒரு ரயில்தான் இருக்கலாம். முன்னால் போன ரயில் தன் பிளாக்கை விட்டு வெளியே போய்விட்டதுன்னு சென்சார் உறுதி செய்த பிறகுதான் பின்னால் இருக்கும் ரயிலை கண்ட்ரோல் சிஸ்டம் விடும். உறுதி வரலைன்னா பின்னால் இருப்பதை அப்படியே பிடித்து வைத்துவிடும். நம்ம பாஷையில் சொன்னா, ஒரு லாக். ஒருத்தர் ரிலீஸ் பண்ணாம இன்னொருத்தர் எடுக்க முடியாது.

இந்த யோசனை தீம் பார்க்கில் பிறந்தது கிடையாது. ரயில்வேயில் இருந்து வந்தது. 1889 ஜூன் 12-ஆம் தேதி, அயர்லாந்தின் அர்மா நகரில் இருந்து ஒரு ஞாயிறு பள்ளிக் குழந்தைகளின் சுற்றுலா ரயில் கிளம்பியது. பெட்டிகள் அதிகம். செங்குத்தான ஓர் ஏற்றத்தில் இன்ஜின் இழுக்க முடியாமல் நின்றுவிட்டது. ரயிலை இரண்டாகப் பிரித்து, முன்பாதியை மட்டும் மேலே கொண்டு போகலாம்னு முடிவு பண்ணாங்க. பிரித்ததும் பின்பாதிப் பெட்டிகள் இறக்கத்தில் பின்னோக்கி ஓட ஆரம்பித்தன. பின்னால் அதே தண்டவாளத்தில் அடுத்த ரயில் வந்துகொண்டிருந்தது. சுமார் 80 பேர் இறந்தார்கள், அதில் நிறைய பேர் குழந்தைகள்.

அந்தப் பாதையில் அப்போது இருந்த விதி நேர இடைவெளி. ஒரு ரயில் போய் இத்தனை நிமிஷம் ஆச்சா, அடுத்ததை விடு. முன்னால் போனது எங்கே நிற்குதுன்னு பார்க்க வேண்டியதில்லை. பிளாக் முறை அதற்கு முன்பே இருந்தது, ஆனா கட்டாயம் கிடையாது. அர்மாவுக்குப் பிறகு, அதே வருடம், பயணிகள் ரயில் ஓடும் பாதைகளில் பிளாக் முறையைக் கட்டாயமாக்கும் சட்டத்தை பிரிட்டன் நாடாளுமன்றம் நிறைவேற்றியது.

ஒரு பிளாக்கில் ஒரு ரயில் என்ற விதிக்கு அந்தக் குழந்தைகளின் உயிர்தான் விலை. இதை மனசுல வச்சுக்கோங்க. அடுத்து சொல்லப்போற கதையில் அந்த விதி சரியாகவே வேலை செய்யுது.

ஸ்மைலர், ஜூன் 2, 2015

இங்கிலாந்தின் ஸ்டாஃபோர்ட்ஷயரில் இருக்கும் ஆல்டன் டவர்ஸ் பார்க்கில் 'தி ஸ்மைலர்' 2013-ல் திறக்கப்பட்டது. 14 தடவை தலைகீழாகச் சுற்றும் ரோலர் கோஸ்டர், உலக சாதனை.

2015 ஜூன் 2 அன்று பலத்த காற்று. மணிக்கு 34 மைலுக்கு மேல் காற்றடித்தால் ஓட்டக்கூடாது என்பது தயாரித்த கம்பெனி சொன்ன வரம்பு. அன்று காற்று நாற்பது மைலைத் தாண்டி வீசியது. மதியம் ரைடில் ஒரு கோளாறு, பொறியாளர்கள் வந்து பார்த்தார்கள். அதற்கிடையே கூடுதலாக ஐந்தாவது ரயில் ஒன்று தண்டவாளத்தில் சேர்க்கப்பட்டிருந்தது. சோதனைக்காக ஆளில்லாத ரயில் ஒன்றை அனுப்பினார்கள். அது நடுவழியில் ஒரு பள்ளத்தில் நின்றுவிட்டது.

பிறகு 16 பேர் உட்கார்ந்த ரயில் கிளம்பியது. கண்ட்ரோல் சிஸ்டம் அதை ஏற்றத்திலேயே நிறுத்தியது. காரணம் எளிது. முன்னால் இருக்கும் பிளாக் காலியாகவில்லை, அங்கே ஒரு ரயில் நிற்கிறது. 1889-ல் கற்றுக்கொண்ட பாடம் 2015-ல் அச்சு பிசகாமல் வேலை செய்தது.

ரைடைச் சரிபார்த்துக்கொண்டிருந்த பொறியாளர்களுக்கோ ஐந்தாவது ரயில் ஓடுவதே தெரியாது. அவர்கள் நின்ற இடத்தில் இருந்து முழுப் பாதையும் தெரியாது. எண்ணிப் பார்த்தார்கள், நான்கு ரயிலும் கணக்கில் வந்துவிட்டது. அப்போ கம்ப்யூட்டர் ஏன் நிறுத்துது? சென்சார் கோளாறாக இருக்கும், சும்மா அடிக்கிற அலாரம்னு நினைத்தார்கள். தடையை ரீசெட் செய்தார்கள். ரயில் கிளம்பி, பள்ளத்தில் நின்ற காலி ரயிலில் போய் மோதியது.

ஒன்றரை டன் எடையுள்ள கார் மணிக்கு 90 மைல் வேகத்தில் மோதுவதற்குச் சமமான தாக்கம் என்று நீதிமன்றத்தில் சொன்னார்கள். முன்வரிசையில் இருந்தவர்களுக்குப் பலத்த காயம். இரண்டு இளம்பெண்களுக்குக் கால் எடுக்க வேண்டி வந்தது. விபத்து நடந்து அவசர உதவிக்கு போன் போகவே 17 நிமிஷம் ஆனது. தரையில் இருந்து உயரத்தில், சாய்ந்து நின்ற ரயிலில் மாட்டிக்கொண்டவர்கள் எல்லோரையும் இறக்கி முடிக்க நான்கு மணி நேரத்துக்கு மேல் ஆனது.

பார்க்கை நடத்தும் மெர்லின் நிறுவனம் அதே வருடம் நவம்பரில் தன் விசாரணை முடிவை வெளியிட்டது. காரணம் மனிதத் தவறு, உரிய நடைமுறை இல்லாமல் பாதுகாப்பு அமைப்பை மீறிவிட்டார்கள் என்றது. கேட்டா நியாயமாத்தான் தெரியும். ரீசெட் பண்ணது மனுஷங்கதானே?

பிரிட்டனின் தொழில் பாதுகாப்பு ஆணையம் அதை அப்படி ஏற்கவில்லை. தனிமனிதர்களின் தவறைவிட, அவர்களை அந்த நிலையில் நிறுத்திய அமைப்பின் தோல்விதான் பெரிது என்றது. கம்ப்யூட்டர் நிறுத்தினால் அடுத்து யார், என்னென்ன சரிபார்க்கணும், யார் அனுமதியோடு மறுபடி ஓட்டணும்? அதற்கு உருப்படியான எழுத்து நடைமுறை கிடையாது. எத்தனை ரயில் ஓடுதுன்னு எல்லோருக்கும் தெரியும் வழியும் கிடையாது. நிறுவனம் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டது. 2016 செப்டம்பரில் 50 லட்சம் பவுண்டு அபராதம்.

அந்தப் பொறியாளர்கள் இடத்தில் உங்களை வைத்துப் பாருங்க. கையில் இருக்கும் தகவல்படி நான்கு ரயில்தான். கியூவில் கூட்டம், ஏற்றத்தில் 16 பேர் காத்திருக்காங்க. சிஸ்டம் 'முடியாது'ன்னு மட்டும் சொல்லுது. மீறுவதற்கு வசதியும் இருக்கு. நான் ஆன்-கால் பார்க்கிற ஆள், இந்த மனநிலை எனக்குப் புதுசில்லை. நமக்குத் தெரிந்ததும் அலர்ட் சொல்வதும் ஒத்துப்போகலைன்னா, முதலில் அலர்ட் மேலதான் சந்தேகம் வரும். அது மனித இயல்பு. அந்த இயல்பு தெரிஞ்சே டிசைன் பண்ணணும், நடைமுறை எழுதணும்.

தண்டர் ரிவர் ராப்பிட்ஸ், அக்டோபர் 25, 2016

இப்போ இரண்டாவது கதை. ஆஸ்திரேலியாவின் கோல்ட் கோஸ்டில் ட்ரீம்வேர்ல்டு என்ற பார்க். அங்கே 1986-ல் ஆரம்பித்த தண்ணீர் ரைடு இது. ஆறு பேர் உட்காரும் வட்ட மிதவை, செயற்கை ஆற்றில் சுற்றி வந்து, கடைசியில் ஒரு கன்வேயர் பெல்ட்டில் ஏறி இறங்குமிடத்துக்கு வரும். பயம் காட்டும் ரைடே கிடையாது. குடும்பத்தோடு போறது.

தண்ணீரை ஓட வைக்க இரண்டு பெரிய பம்புகள். ஒரு பம்பு நின்றால் நீர்மட்டம் மளமளவென்று இறங்கும். கன்வேயரைத் தாண்டி வந்த மிதவை மிதக்க முடியாமல் கீழே இருக்கும் இரும்புத் தண்டவாளத்தில் உட்கார்ந்துவிடும். கன்வேயர் மட்டும் நிற்காது. பின்னால் வரும் மிதவையைக் கொண்டுவந்து முன்னால் நிற்பதன் மேல் மோத வைக்கும்.

அன்று ஒரு பம்பு ஏற்கெனவே இரண்டு முறை நின்றது. இரண்டு முறையும் மறுபடி ஓட விட்டார்கள். மதியம் இரண்டு மணி தாண்டியதும் மூன்றாவது முறை நின்றது. ஒரு காலி மிதவை தரைதட்டி நின்றது. நான்கு பெரியவர்களும் இரண்டு சிறுவர்களும் இருந்த மிதவையை கன்வேயர் அதில் கொண்டு போய் மோதியது. மிதவை தூக்கிக்கொண்டு இயந்திரத்துக்குள் இழுபட்டது. பெரியவர்கள் நால்வரும் இறந்தார்கள். சிறுவர்கள் இருவரும் பிழைத்தார்கள்.

மரண விசாரணை அதிகாரியின் அறிக்கை 2020 பிப்ரவரியில் வந்தது. அதைப் படிக்கும்போது எனக்குக் கோபம் வந்தது. நீர்மட்டம் இறங்கினால் கன்வேயரைத் தானாக நிறுத்தும் சென்சார் அங்கே கிடையாது. சுவரில் நீர் படிந்த கறைக்கோட்டைப் பார்த்துத்தான் ஊழியர்கள் நீர்மட்டத்தைக் கணிக்கணும். ஒரு சாதாரண சென்சார் வைக்க ஆகும் செலவு சில ஆயிரம் டாலர். அந்த ரைடு ஓடிய முப்பது வருடத்தில் தகுதியுள்ள பொறியாளரை வைத்து முழுமையான ஆபத்து மதிப்பீடு செய்ததற்குச் சான்றே இல்லை.

இறங்குமிடத்திலேயே ஓர் அவசர பட்டன் இருந்தது. அழுத்தினால் சுமார் இரண்டு விநாடியில் கன்வேயர் நிற்கும். ஆனால் அதற்குப் பக்கத்தில் நின்ற ஊழியருக்கு அந்த ரைடில் அன்றுதான் முதல் நாள், பயிற்சியே அன்று காலைதான். அந்த பட்டன் என்ன செய்யும்னு அவருக்குச் சரியாகச் சொல்லித் தரப்படவில்லை. பிரதான கண்ட்ரோல் பேனலை எட்ட முடியாத நிலையில்தான் அதை அழுத்தணும்னு சில நாட்களுக்கு முன்தான் ஊழியர்களுக்குக் குறிப்பு போயிருந்தது.

இதெல்லாம் எதிர்பாராததா? இல்லை. 2001-ல் ஆளில்லாமல் ஓட்டிப் பார்த்தபோது அதே இறங்குமிடத்தில் மிதவைகள் மோதி ஒன்று கவிழ்ந்தது. அப்போது உள்ளே ஆட்கள் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று பார்க்குக்குள்ளேயே எழுதி வைத்தார்கள். 2014-ல் மறுபடி மிதவைகள் மோதின. அதற்குக் கிடைத்த பதில், ரைடை ஓட்டியவரை வேலையை விட்டு அனுப்பியது. சென்சார் வரவில்லை. ஆள்தான் மாறினார்.

இந்த இடத்தில் நின்று யோசிக்கணும். 2014-ல் 'ஆபரேட்டர் தப்பு' என்று எழுதி ஃபைலை மூடினாங்களே, அதோடு அந்த எச்சரிக்கையும் மூடிப்போச்சு. ஒரு சம்பவத்துக்கு மனிதத் தவறுதான் காரணம்னு எழுதிவிட்டால், இயந்திரத்தைத் திரும்பிப் பார்க்க வேண்டிய அவசியம் யாருக்கும் வராது. அடுத்து அதே இடத்தில் நிற்கப்போவது வேறொரு ஊழியர். அவர் முன்னால் அதே கன்வேயர்.

நடத்திய நிறுவனத்துக்கு 2020 செப்டம்பரில் 36 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் அபராதம். அந்த ரைடு திரும்பத் திறக்கவே இல்லை, பிரித்து எடுத்துவிட்டார்கள். இந்த விபத்தும் அதே மாதம் ஒரு கட்டுமானத் தளத்தில் நடந்த இன்னொரு விபத்தும் சேர்ந்து குயின்ஸ்லாந்து சட்டத்தை மாற்றின. நிறுவனத்தின் அலட்சியத்தால் தொழிலிடத்தில் மரணம் நேர்ந்தால் அதைத் தனிக் குற்றமாக்கும் சட்டம் 2017-ல் வந்தது.

எச்சரிக்கை யாருடையது?

முதல் கதையைக் கேட்டவங்க 'மனுஷனை நம்பாதே, எல்லாத்தையும் ஆட்டோமேட் பண்ணு'ன்னு சொல்வீங்க. ஸ்மைலரில் ஆட்டோமேஷன் இருந்தது. இரண்டாவதைக் கேட்டவங்க 'நல்லா ட்ரெயினிங் கொடு'ன்னு சொல்வீங்க. சரிதான், ஆனா எத்தனை ட்ரெயினிங் கொடுத்தாலும் சில விநாடிகளில் சுவர்க்கறையைப் பார்த்து முடிவெடுக்கும் வேலையை மனுஷன்கிட்ட கொடுப்பது தப்பு.

நான் எடுத்துக்கிட்டது வேற. எச்சரிக்கை என்பது ஒரு விளக்கோ, சத்தமோ, ஒரு வரி மெயிலோ மட்டும் கிடையாது. அது வந்தால் யார் நிறுத்தணும், யார் விசாரிக்கணும், மறுபடி ஓட்டலாம்னு யார் கையெழுத்துப் போடணும், இந்த மூணும் முன்கூட்டியே எழுதியிருந்தால்தான் அது எச்சரிக்கை. ஸ்மைலரில் மூன்றாவது இல்லை. ட்ரீம்வேர்ல்டில் மூன்றுமே ஆட்டம் கண்டது.

மென்பொருள் வேலையில் இருக்கும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்க டீமில் 'அது எப்பவும் அடிக்கும், கண்டுக்காதே'ன்னு புதுசா சேர்ந்தவங்ககிட்ட சொல்லித்தரும் அலர்ட் எது? திங்கள்கிழமை போய் அதை எடுத்துப் பாருங்க. பொய் அலர்ட்டுன்னா சரிபண்ணுங்க, இல்லைன்னா தூக்கிடுங்க. பாதி உண்மையா, பாதி பொய்யா விட்டு வைக்காதீங்க. அதைக் கேட்டுப் பழகிய காது உண்மையானதையும் தள்ளிவிடும்.

அப்புறம், ரோலர் கோஸ்டர் ஏற்றத்தில் பாதியில் நின்றுபோச்சுன்னா கீழே கத்துவோம் இல்லையா, 'என்னய்யா, சீக்கிரம் விடுங்க'ன்னு? ஏதோ ஒரு சென்சார் தன் வேலையைப் பார்க்குதுன்னு நினைச்சுக்கோங்க. அங்கே நிற்பவரை அவசரப்படுத்தாதீங்க. அவர் முழுசாப் பார்த்து முடிக்கட்டும்.

அடுத்த எபிசோடில் சந்திப்போம்.