அனைத்துலக உறவும் ஐம்பது காசும்



நம் பள்ளியின் பழைய மாணவி ஒருத்தியின் தாயார் என்னிடம் வந்து, "வாத்தியாரையா, மக யுனிவர்சிட்டியில அனைத்துலக உறவு, உலக மேம்பாடுன்னு ஏதோ படிக்கப் போறேங்குது. டாக்டர், வக்கீல்னா புரியுது. இது சோறு போடுமா?" என்று கேட்டார். அவருக்குச் சொன்ன பதிலையே உங்களுக்கும் எழுதுகிறேன்.

படிப்பின் பெயர்தான் நமக்குப் புதிது. அதிலுள்ள சங்கதி பழசு. 1928இல் போக்குவரத்து வசதியுள்ள தோட்டங்களில் ஆண்களுக்கு நாள் கூலி 50 காசு. பெண்களுக்கு 40 காசு. 1930இல் உலகப் பொருளாதாரம் சரிந்தது. அமெரிக்காவில் மோட்டார் கார் வாங்க ஆள் குறைந்தது. டயர் ஓடாததால் ரப்பர் விலை விழுந்தது. இங்கே பெரட்டில் நின்ற நம் பாட்டன் பூட்டன் கூலியும் விழுந்தது. பல்லாயிரம் பேர் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பப்பட்டார்கள். அவர்கள் செய்த குற்றம் என்ன?

1936 கடைசியில் இந்திய அரசு வி. எஸ். சீனிவாச சாஸ்திரியை மலாயாவுக்கு அனுப்பியது. பழைய கூலியைத் திரும்பத் தரவேண்டும் என்றது அவர் அறிக்கை. கூலியும் திரும்பியது. ஆனால் 1938இல் ரப்பர் விலை மறுபடி சரியவே, ஆண்கள் கூலி 45 காசாயிற்று. அவ்வாண்டு ஜூனில், உதவிப் பயணத்தில் தொழிலாளரை இங்கு அனுப்புவதை இந்திய அரசு நிறுத்திவிட்டது. ஐந்து காசு இரண்டு அரசாங்கங்களின் வழக்காகிவிட்டது பாருங்கள்! இதைத்தான் அனைத்துலக உறவு என்கிறார்கள்.

அந்த மேசையில் நம்மவர் யாரும் உட்காரவில்லை. அதனால்தான் 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத்தார் வேலைநிறுத்தம் செய்தார்கள். சீனத் தொழிலாளருக்குச் சமமான கூலி, பிள்ளைகளுக்கு ஒழுங்கான கல்வி, கள்ளுக்கடைகளை மூடுதல், துரை எதிரே வந்தாலும் சைக்கிளைவிட்டு இறங்காதிருக்கும் உரிமை ஆகியவற்றைக் கேட்டார்கள். தலைவர் ஆர். எச். நாதன் மே மாதம் கைதாகிப் பின்னர் நாடுகடத்தப்பட்டார். பட்டாளம் வந்தது, உயிர்களும் போயின.

பிறகு 1967 ஆகஸ்டு 8இல் பாங்காக்கில் ஆசியான் பிறந்தது. மலேசியாவுக்காகத் துன் அப்துல் ரசாக் கையெழுத்திட்டார். சிங்கப்பூருக்காகக் கையெழுத்திட்டவர் எஸ். இராஜரத்தினம். ரப்பர்த் தோட்ட மேற்பார்வையாளரின் மகன். சிரம்பானில் வளர்ந்து, கோலாலம்பூர் விக்டோரியா பள்ளியில் படித்தவர். அவர் லயத்துப் பிள்ளை அல்லதான். அடுத்தவர் லயத்துப் பிள்ளையாக இருக்கட்டுமே!

சோறு போடுமா? படித்த மறுநாளே வேலை கிடைக்கும் என்று நான் பொய் சொல்லமாட்டேன். ஆனால் வெளியுறவு அமைச்சு, பத்திரிகை, தொழிற்சங்கம், ஐக்கிய நாட்டு நிறுவனங்கள் என்று வாசல்கள் உண்டு. மலாயாப் பல்கலைக்கழகம் நம் தலைநகரிலேயே இருக்கிறது. இந்தப் படிப்பும் அங்கே உண்டு.

மாணவர்களே, இன்றிரவு வீட்டிலுள்ள பாட்டியிடம், "உங்க காலத்துல கூலி எவ்வளவு? ஏன் அவ்வளவு?" என்று கேளுங்கள். இந்தப் படிப்பின் முதல் பாடம் அதுதான்.